மலேசிய அரசியலமைப்பின் 153-ஆவது பிரிவில் 15 ஆண்டுக் கெடு எங்கே இருக்கிறது?

பால்மரத்தான்:
"இனச்சலுகை என்பதெல்லாம் பழைய கதை, படிப்பவன் முன்னேறுவான், மற்றவன் புலம்புவான்" என்று நேற்று கிராணிப்பேரன் இங்கே எழுதியிருந்தார். படித்ததும் வயிறு எரிந்தது. 2019-இல் மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசுப் படிப்பு) இடங்களை 25,000-லிருந்து 40,000 ஆக்கினார்கள். பூமிபுத்ராவுக்கு, அதாவது மலாய்க்காரர்களுக்கும் பூர்வகுடிகளுக்கும், 90 விழுக்காடு என்பதை அசைக்கவில்லை. இதுவும் புலம்பலா? அவர்களுக்குச் சலுகை தரும் 153-ஆவது பிரிவிலேயே அது 15 ஆண்டுகளுக்குத்தான் என்று இருக்கிறது. 1972-இல் முடிந்திருக்க வேண்டியது.

கிராணிப்பேரன்:
எந்த வரியில் இருக்கிறது? 153-இல் கால எல்லையே கிடையாது. 15 ஆண்டுகள் கழித்து மறுஆய்வு செய்யலாம் என்றது 1957-இல் அரசியலமைப்பை வரைந்த ரீட் ஆணையத்தின் அறிக்கை. சட்டத்தில் அதைச் சேர்க்கவில்லை. படித்துவிட்டு வாருங்கள்.

லயத்துப்பெண்:
சலுகை என்று எதைச் சொல்கிறோம் என்று முதலில் பேசலாமா? சுங்கை சிப்புட்டில் வாடகைக்கு வீடு கேட்டு போன் செய்தால், பெயரைக் கேட்டதுமே வீடு "போய்விடுகிறது". அதற்கு 153-ஆ காரணம்? நம் ஆட்களும் வங்காளதேசத் தொழிலாளிக்கு வீடு தருவதில்லையே?

கிராணிப்பேரன்:
தங்கச்சி, பேச்சை மாற்ற வேண்டாம். 15 எங்கே?

லயத்துப்பெண்:
நான் உங்கள் தங்கச்சி இல்லை.

செம்பனை:
அறிக்கையோ சட்டமோ, நடந்ததைப் பாருங்கள். 1969 இனக்கலவரத்துக்குப் பிறகு 1971-இல் 153-இல் 8A என்ற உட்பிரிவைச் சேர்த்தார்கள். உயர்கல்வி இடங்களில் ஒதுக்கீடு வந்தது அதன் வழியாகத்தான். முடிக்க வேண்டிய நேரத்தில் நீட்டினார்கள்.

கிராணிப்பேரன்:
"முடிக்க வேண்டிய நேரம்" என்று யார் சொன்னது? மறுபடியும் அதே 15! அதே பிரிவு மற்ற இனங்களின் நியாயமான நலன்களையும் காக்கச் சொல்கிறது. அதை ஒருவரும் எடுத்துச் சொல்வதில்லை. 2024-இல் எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வில் 10 பாடங்களில் ஏ எடுத்த எல்லா இன மாணவர்களுக்கும் மெட்ரிகுலேஷன் இடம் என்று அறிவித்தார்கள். அதுவும் உங்கள் கண்ணில் படாது.

பால்மரத்தான்:
10 ஏ எடுத்தால்தான் நம் பிள்ளைக்குக் கதவு திறக்குமா? ஒன்பது எடுத்தவன் எங்கே போவான்? உங்களுக்கு இதெல்லாம் உறைக்காது. ஆங்கிலம் தெரிந்தவர்களை ரப்பர் தோட்டத்து வெள்ளைத்துரை கேரளாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் அழைத்து வந்து கிராணியாக்கினான், கணக்கெழுத வைத்தான். பால்வெட்டுக்காரன் பிள்ளைக்குத் தோட்டப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் என் தாத்தா கைகட்டி நின்றபோது பெயர் எழுதிய நோட்டு யார் கையில் இருந்தது? சலுகையில் பிறந்தவருக்குச் சலுகை தெரியாதுதான்.

கிராணிப்பேரன்:
என் தாத்தாவை இழுப்பது பதில் ஆகாது. அவர் மனுப்போட்டு வாங்கித் தந்த அடையாள அட்டையில்தான் உங்கள் தொழிலாளர் லயத்தில் பாதிப்பேர் ஓட்டுப் போட்டார்கள். சரி, 15 எங்கே?

செம்பனை:
மனுவுக்கு அவர் காசு வாங்கியதையும் சொல்லுங்கள்.

கிராணிப்பேரன்:
ஆதாரம் காட்டுங்கள். கோயில் கமிட்டித் தேர்தலில் தோற்ற ஆத்திரத்தை இங்கே கொட்டாதீர்கள்.

பால்மரத்தான்:
திருவிழாக் கணக்கை முதலில் காட்டுங்கள், பிறகு ஆதாரம் கேட்கலாம்.

லயத்துப்பெண்:
அண்ணன்மாரே, வாடகை வீட்டைப் பற்றிக் கேட்டேன்.

கிராணிப்பேரன்:
கணக்கு மண்டபச் சுவரில் ஒட்டியிருக்கிறது, கண் இருந்தால் பார்க்கலாம். 153-ஐயும் அப்படியே பார்த்திருந்தால் இவ்வளவு பேச்சு தேவைப்பட்டிருக்காது. இப்போதாவது சொல்லுங்கள், எந்த வரி?

பால்மரத்தான்:
சுவரில் இருப்பது போன வருடக் கணக்கு.