ஒரே மணல் தட்டு, இரண்டு பூனைகள்

கேள்வி:
எங்கள் அடுக்ககத்தில் ஐந்து வயது ஆண் பூனையும், மூன்று மாதங்களுக்கு முன் வந்த இளம் பெண் பூனையும் வளர்கின்றன. இரண்டுக்கும் கருத்தடை செய்தாயிற்று. பால்கனியில் மூடியுள்ள ஒரே லிட்டர் பாக்ஸ் (பூனைகள் மலசலம் கழிக்கும் மணல் தட்டு) இருக்கிறது. பெரியவன் அதன் வாசலில் படுத்து வழிமறிப்பதால், சின்னவள் சோபாவுக்குப் பின்னால் சிறுநீர் கழிக்கிறாள். பினாயில் போட்டுத் துடைத்தும் அதே இடத்துக்கே போகிறாள். என்ன செய்யலாம்?

பதில் 1:
பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக, அதாவது 3 தட்டுகள் வையுங்கள். மூன்றையும் பால்கனியிலேயே வரிசையாக வைத்தால், காவல் காக்கிறவனுக்கு அது ஒரே இடம்தான்; ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றொன்று தெரியாதபடி வெவ்வேறு அறைகளில் வையுங்கள். மூடியையும் கழற்றிவிடுங்கள். உள்ளே இருப்பவளுக்கு வருகிறவன் கண்ணில் பட வேண்டும், தப்பிக்க வழியும் வேண்டும். தினமும் அள்ளிச் சுத்தம் செய்வதைச் சொல்லவே தேவையில்லை.

பதில் 2:
பினாயிலை முதலில் நிறுத்துங்கள். பல பினாயில்களில் உள்ள ஃபீனால் வகைப் பொருள்களைப் பூனையின் கல்லீரலால் எளிதில் முறிக்க முடியாது. பாதத்தில் ஒட்டியதை அது நக்கியே தீரும். சிறுநீர் வாடையை வேரோடு நீக்க, என்சைம் கலந்த துப்புரவுத் திரவமே ஏற்றது.

பதில் 3:
சின்னவளுக்குச் சிறுநீர்ப்பை அழற்சி இருக்கிறதா என்றும் கால்நடை மருத்துவரிடம் பாருங்கள்; எல்லாப் பழியையும் பெரியவன்மீது போட வேண்டாம். அவன் என்றாவது முக்கியும் சிறுநீர் வராமல் தவித்தால், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஆண் பூனைக்கு அந்த அடைப்பு உயிருக்கே ஆபத்து.