ஆட்டு முதுகுல மஞ்சக் கலர், என் மூஞ்சில கரி: வாக்கிங் குரூப்போட ஒரு அக்டோபர் ஞாயிறு

கரிசல்காட்டான்:

நடக்கப் போன எடத்துல யாரைப் பாத்தீங்க என்ன நடந்துச்சுன்னு ஆளாளுக்கு எழுதுறத ரெண்டு நாளா படிச்சிட்டு இருக்கேன், சரி நம்ம அசிங்கப்பட்ட கதையையும் எறக்கி வச்சிருவோம்னு வந்துட்டேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

லண்டன்ல ஹாரோ பக்கம் இருக்கேன், வந்து மூணு வருசம் ஆச்சு. வீட்டம்மா ஊருக்குப் போயிருந்தா, ஞாயித்துக்கெழம முழுக்க படுத்துக் கெடந்து போன நோண்டுறதுக்கு ஆபீஸ்ல ஒரு அம்மா சொன்ன வாக்கிங் குரூப்ல பேரக் குடுத்தேன். மூணு நடை சும்மா வந்து பாக்கலாம், புடிச்சா அப்பறம் மெம்பர் ஆகலாம்னாங்க. காலைல 10 மணிக்கு வெண்டோவர் ஸ்டேஷன் வாசல்ல நிக்கணும். நான் சமையக்கட்டு கடிகாரத்தப் பாத்து அடிச்சுப் புடிச்சு கெளம்பி, ட்ரெய்ன் ஏறி, போய் நின்னா ஒரு ஈ காக்கா இல்ல. அக்டோபர் கடைசி ஞாயிறு, கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளுற நாள்! போன் தானா மாத்திக்கிச்சு, சுவத்துக் கடிகாரம் எங்க மாத்தும். அந்தக் குளிர்ல பெஞ்சுல உக்காந்து கொண்டு போன புளிசாதத்துல பாதிய அங்கயே முடிச்சிட்டேன்.

அப்பறம் ஒவ்வொருத்தரா வந்தாங்க, 14 பேரு. என்னையும் இன்னொரு பொண்ணையும் தவிர மத்த எல்லாரும் அறுவது தாண்டுனவங்க. லீடர் அம்மாவுக்கு எழுவது இருக்கும், கழுத்துல ஆர்டினன்ஸ் சர்வேன்னு இந்த நாட்டு சர்வே ஆபீஸ் போடுற மேப்பு, பிளாஸ்டிக் கவர் போட்டு மாலை மாதிரி தொங்குது. முன்னாடி அவங்க, கடைசில 'பேக்மார்க்கர்'னு ஒரு தாத்தா, அவருக்குப் பின்னாடி யாரும் விழக்கூடாது, அதான் அவர் வேலை. வயசானவங்கதானேன்னு நெனச்சேன் பாருங்க, கூம்ப் ஹில் ஏறுறதுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிருச்சு, பேக்மார்க்கர் தாத்தா எனக்காகவே மெதுவா வந்தாரு, மூச்சு கூட வாங்கல மனுசன்.

மேல 260 மீட்டர்தான், நம்ம மலைங்களுக்கு முன்னாடி அது ஒரு மேடு. ஆனா ஐல்ஸ்பரி சமவெளி மொத்தமும் கீழ தெரியுது. தென்னாப்பிரிக்கால நடந்த போயர் போர்ல செத்த அந்த ஊர்க்காரங்களுக்காக 1904ல வச்ச தூண் ஒண்ணு நிக்குது, 1938ல இடி விழுந்து சரிஞ்சு திரும்பக் கட்டுனதாம். தலைக்கு மேல பருந்து, வால் ரெண்டா பிளந்து செவப்பா, ரெட் கைட்னு சொல்றாங்க. இங்கிலாந்துல ஒண்ணு மிச்சமில்லாம சுட்டும் மருந்து வச்சும் அழிச்சிட்டு, அப்பறம் 1989ல இருந்து 1994 வரைக்கும் ஸ்பெயின்ல இருந்து 90 பறவை கொண்டாந்து இந்த சில்டர்ன்ஸ் காட்டுல விட்டாங்களாம், இப்ப காக்கா மாதிரி சுத்துது.

கீழ எறங்குனா பீச் மரக்காடு. இத எப்பிடி சொல்ல. மஞ்சளும் இல்ல, ஆரஞ்சும் இல்ல, புதுசா வெளக்குன செம்புக்கொடம் வெயில்ல இருந்தா ஒரு நெறம் வருமே அது. கீழயும் அதே எல, கணுக்கால் வரைக்கும், பாதை எங்கன்னே தெரியல, மரத்துல அடிச்ச மஞ்ச அம்புக்குறியப் பாத்துதான் போறோம். எலைக்கு அடில சுண்ணாம்பு மண்ணு, மழை பெஞ்சா சோப்பு. நான் போட்டுருந்தது ஜிம் ஷூ. ரெண்டு தடவ உக்காந்தேன், மூணாவது தடவ விழுகும்போது யாரும் திரும்பிக் கூட பாக்கல.

நம்ப முடியாத எடம் எதுன்னா செக்கர்ஸ். இந்த நாட்டுப் பிரதமரோட கிராமத்து வீடு. ரிட்ஜ்வேன்னு 87 மைல் நடைபாதை, அது அவரு வீட்டு கார் போற வழிய குறுக்க வெட்டிட்டுப் போகுது! இந்தப் பக்கம் ஒரு கேட்டு, அந்தப் பக்கம் ஒரு கேட்டு, கேமரா இருக்கு, பாதைய விட்டு எறங்குனா கிரிமினல் கேஸ்னு போர்டு இருக்கு, ஆனா பாதைல போறவன 'யாருய்யா நீ'ன்னு ஒருத்தரும் கேக்கல. எங்க ஊர்ல எங்க தாத்தா காலத்துல இருந்து நடந்த வண்டிப்பாதைய பக்கத்து நெலத்துக்காரன் முள்ளப் போட்டு அடச்சு, ஒம்போது வருசமா கேஸ் நடக்குது. பிரதமர் வாசல்ல சேத்துக்காலோட நின்னப்ப எனக்கு அந்த முள்ளுதான் ஞாபகம் வந்துச்சு.

சரி அசிங்கத்துக்கு வாரேன். அதத் தாண்டி ஒரு மேச்சல் நெலம், நெறைய செம்மறி. பாதி ஆட்டுக்குப் பின்முதுகுல, வாலுக்கு மேல, மஞ்சக் கலரு அப்பிருக்கு. நாலஞ்சுக்கு மட்டும் நீலம். கூட வந்த பொண்ணு இது என்னன்னு கேக்குது, எனக்குத்தான் ஆடுன்னா வீட்டு விசயமாச்சே, கெடை போட்ட குடும்பம், அதான் எருவுக்காக ராத்திரில அடுத்தவங்க நெலத்துல ஆட்ட அடச்சு வைக்கிறது. தொண்டைய செருமிக்கிட்டு ஆரம்பிச்சேன்: "இது ஓனர் அடையாளம், எங்க ஊர்ல காதுல வெட்டு போடுவோம், இல்லன்னா பெயிண்ட் அடிப்போம், இங்க ரெண்டு பேரு ஆடு ஒரே நெலத்துல மேயுது, மஞ்சக்காரருக்கு ஆடு ஜாஸ்தி". பத்து பேரு நின்னு கேக்குறாங்க. ஒரு அம்மா "எவ்ளோ விசயம் தெரிஞ்சிருக்கு"ன்னு வேற சொல்லிட்டாங்க. நான் விடுவனா, கெடை போடுறது, எரு கணக்கு, எல்லாம் அடிச்சு விட்டேன்.

அந்த நேரம் பாத்து குவாட் பைக்ல ஒருத்தர் வந்து நிக்கிறாரு, கூட நாய். நெலத்துக்காரர். திட்டப் போறாருன்னு நான் பின்னாடி ஒதுங்குறேன், நம்ம புத்தி அப்பிடி. அவரு குட் மார்னிங் சொல்லிட்டு அந்தக் கேட்ட மறக்காம சாத்திட்டுப் போங்கன்னு மட்டும் சொன்னாரு. லீடர் அம்மா சும்மா இல்லாம, "இவரு ஆட்டுக்காரர் வீட்டுப் புள்ள, உங்க மார்க்க பத்தி சொல்லிட்டு இருந்தாரு"ன்னு என்னைய முன்னாடி தள்ளிட்டாங்க. நானும் மஞ்சக்காரர் நீங்களா நீலக்காரர் நீங்களான்னு கேட்டுட்டேன்.

மனுசன் ஒரு நிமிசம் என்னையவே பாத்தாரு, அப்பறம் வண்டிய ஆஃப் பண்ணிட்டு சிரிக்க ஆரம்பிச்சாரு. எல்லா ஆடும் அவருதுதான். கலர் போட்டது அவரு இல்ல, கிடா! கிடாவுக்கு நெஞ்சுல வார் கட்டி அதுல பெரிய கலர்க் கட்டிய மாட்டி விட்றாங்க, அது எந்தப் பெட்டை மேல ஏறுதோ அதோட முதுகுல கலர் ஒட்டிக்கும். பெட்டைக்கு 17 நாளைக்கு ஒருக்கா பருவம் வரும், அதனால 17 நாள் ஆனதும் கட்டிய மாத்திருவாங்க, லேசான கலர்ல ஆரம்பிச்சு அடர்த்தியா போகணும், அப்பத்தான் மேல விழுந்தது தெரியும். மஞ்சளோட நின்னுட்டா சினை புடிச்சிருச்சு. மஞ்சளுக்கு மேல நீலம் விழுந்தா மொதத் தடவ நிக்கல. சினைக்காலம் 147 நாள், அவரு அக்டோபர் 5ல கிடாவ விட்டாரு, மார்ச் 1ல இருந்து குட்டிய எதிர்பாக்கலாம், எந்த ஆட்ட எப்பக் கொட்டகைக்குள்ள கொண்டாரணும்னு முதுகப் பாத்தே பிரிச்சிருவாராம். அவங்க தாத்தா காலத்துல காவிக்கல்ல எண்ணெயில கொழச்சு கிடா நெஞ்சுல பூசுவாங்களாம். மலை ஊர்க்காரங்க நவம்பர் 5, அதான் இங்க பட்டாசு வெடிக்கிற நாளு, அன்னைக்கு கிடாவ விட்டா ஏப்ரல் 1, முட்டாள்கள் தினத்துல குட்டின்னு கணக்கு வச்சிருக்காங்களாம், எண்ணிப் பாத்தேன், சரியா 147 வருது.

நான் வாயத் தொறக்கல. ஓனர் மார்க்கும் உண்டுப்பா, லேக் டிஸ்ட்ரிக்ட் பக்கம் கலர் கோடு போடுவாங்கன்னு அவரே பாவப்பட்டு சொன்னாரு. அப்பறம் எங்க ஊர்க் கெடையப் பத்தி அவரு கேக்க ஆரம்பிச்சாரு, ராத்திரிக்கு எத்தன ஆடு ஒரு ஏக்கருக்கு, நெலத்துக்காரன் காசு குடுப்பானான்னு. இருவது நிமிசம் பேசுனோம். பிரின்சஸ் ரிஸ்பரோ ஸ்டேஷன் வர்றதுக்குள்ள இருட்டத் தொடங்கிருச்சு, ஒரு மணி நேரத்த பின்னாடி தள்ளுனா சாயங்காலம் இவ்ளோ சீக்கிரம் காலியாகும்னு யாராச்சும் முன்னாடியே சொல்லிருக்கலாம்.

பனங்கொட்டை:

ஐயோ அண்ணை, வாசிச்சு விழுந்து விழுந்து சிரிச்சனான். நான் மான்செஸ்டரிலை இருக்கிறன். எங்கட குரூப் போன ஐப்பசியிலை கிண்டர் ஸ்கவுட் எண்ட மலைக்கு போனது, ஈடேல் ஸ்டேஷனிலை இறங்கி ஏறவேணும். மேலை போகப் போக பனிப்புகார் மூடி முன்னுக்கு நடக்கிற ஆளின்ரை முதுகுப்பை மட்டும்தான் தெரியுது. எல்லாரும் வெள்ளைக்கார ஆக்கள், நான் ஒராள்தான் எங்கட ஆள். திடீரெண்டு புகாருக்குள்ளை இருந்து "கோ பேக், கோ பேக், கோ பேக்" எண்டு ஒரு குரல்! எனக்கு நெஞ்சு திக்கெண்டுது. பஸ்ஸுக்குள்ளை ஒருக்கா இதே வசனத்தைக் கேட்டனான், அது வேறை கதை. நான் அப்பிடியே நிண்டிட்டன். பக்கத்திலை வந்த அன்ரி என்ரை முகத்தைப் பாத்திட்டு கையைப் பிடிச்சு, "அது குருவி பிள்ளை, ரெட் கிரௌஸ், எல்லாருக்கும் அதைத்தான் சொல்லும்" எண்டா. அடுத்த நிமிசம் காலுக்குக் கீழை ஹெதர் எண்ட மலைச்செடிப் பத்தையிலை இருந்து அது படபடவெண்டு எழும்பிப் போகுது, கோழி அளவு.

பாதையைப் பற்றி நீங்கள் சொன்னதுக்கும் ஒண்டு. இந்த மலை முந்தி கிரௌஸ் சுடுற பணக்காரரின்ரை, காவல்காரர் தடியோடை நிப்பினமாம். 1932 ஏப்ரலிலை நூற்றுக்கணக்கான ஆக்கள், கனபேர் மான்செஸ்டர் தொழிலாளப் பெடியள், வேணுமெண்டே அத்துமீறி ஏறினவை, அஞ்சு பேரை சிறையிலை போட்டவங்கள். சும்மா கிடைச்ச பாதை இல்லை அண்ணை. உங்கட வண்டிப்பாதை வழக்கை விட்டிடாதேங்கோ.

புளியோதரை:

நம்ம கதை சின்னது. எங்கம்மா கும்பகோணத்துல இருந்து வந்திருந்தப்ப எப்பிங் காட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன் எங்க நடைக்குழுவோட. ஓக் மரத்தடில காளான், வெள்ளையும் பச்சையுமா அவ்ளோ அழகு. அம்மா முந்தானைல பறிச்சுப் போட ஆரம்பிச்சுட்டாங்க, கிலோ என்ன வெலடா இங்கன்னு கேட்டுக்கிட்டே. குழுல ஒரு அக்கா ஓடி வந்து, முதல்ல இந்தக் காட்டுல காளான் பறிக்கவே கூடாதுன்னு சொல்லிட்டு, அப்பறம் ஒண்ண எடுத்து அடிய காமிச்சாங்க, மண்ணுக்குள்ள பை மாதிரி ஒண்ணு. டெத் கேப். வேக வச்சாலும் வெசம் போகாது, சாப்ட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல ஒண்ணுமே தெரியாது, அதுக்கப்பறம்தான் ஈரலப் புடிக்கும். அம்மா முந்தானைய உதறிட்டு வீடு வர்ற வரைக்கும் கைய தனியா தூக்கிப் புடிச்சிட்டே வந்தாங்க. இன்னைக்கும் கடைல பட்டன் காளான் பாக்கெட்ட திருப்பி அடியப் பாத்துட்டுத்தான் வாங்குறாங்க.

கரிசலண்ணே, ஒரு சந்தேகம், அடுத்த வாரம் நானும் வெண்டோவர் போலாம்னு இருக்கேன், ஷூ என்ன போடணும், வழில கடை கண்ணி இருக்கா?

கரிசல்காட்டான்:

தங்கச்சி பனங்கொட்டை, அந்தக் குருவி விசயம் படிச்சு மொதல்ல சிரிச்சேன், அப்பறம் பஸ்ஸுன்னு எழுதிருக்கத பாத்து சிரிப்பு நின்னுருச்சும்மா. அந்த அன்ரிய கேட்டேன்னு சொல்லு.

புளியோதரை தம்பி, கணுக்கால மூடுற பூட்ஸ் வாங்கு, அடில நல்ல பல்லு இருக்கணும், நான் ஜிம் ஷூல பட்டது போதும். காட்ஸ்டென்ல பாதையோரமே ஒரு பப் இருக்கு, ஆனா சோறு கைல கொண்டு போ, ஈரத்துல உக்கார ஒரு பழைய பாலித்தீன் பையும் வச்சுக்கோ, நம்ம குரூப்ல எல்லாருட்டயும் அது இருந்துச்சு என்கிட்ட மட்டும் இல்ல. நவம்பர்ல நாலு மணிக்கெல்லாம் காட்டுக்குள்ள இருட்டும், டார்ச் எடுத்துக்கோ.

மார்ச்ல அதே ரூட்ட திரும்பப் போடச் சொல்லி லீடர் அம்மாகிட்ட கேட்ருக்கேன், குட்டி பாக்கணும். வீட்டம்மாவும் வர்றா. அவகிட்ட மஞ்சக்காரர் நீலக்காரர் கதைய மட்டும் யாரும் எடுத்துறாதீங்க, அந்த வாக்கிங் குரூப் ஆளுங்களும் எடுக்காம இருந்தாச் சரி.