பொருள்: ஃபிப்ரிலேஷனுக்குத் தமிழில் என்ன சொல்? திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது

குடியாத்தம் ஆசிரியை எழுதியது:

குழுவில் எல்லோருக்கும் வணக்கம்.

அரசு மேல்நிலைப் பள்ளியில் பொதுச் செவிலியம் பிரிவுக்குப் பாடம் எடுக்கிறேன், பிள்ளைகள் எல்லோரும் தமிழ் வழி. இதயத்தைப் படம் வரைந்து பாகம் குறிப்பதோடு விட்டுவிட்டால் பரீட்சை முடிந்ததும் மறந்துபோகிறது. அதனால் டிவி மருத்துவத் தொடர்களில் வரும் காட்சிகளைப் போட்டு, நடுவில் நிறுத்தி, "இப்போ உள்ளே என்ன நடக்குது?" என்று கேட்டு நடத்துகிறேன். நன்றாகவே பிடித்துக்கொள்கிறார்கள்.

சிக்கல் இதுதான். எல்லாத் தொடரிலும் மானிட்டரில் கோடு நேராகிறது, டாக்டர் இரண்டு தகடுகளை நெஞ்சில் வைத்து ஷாக் கொடுக்கிறார், கோடு மறுபடி ஏறி இறங்குகிறது. நிஜத்தில் நேர்கோட்டுக்கு ஷாக் கிடையாது. கோடு தாறுமாறாக ஆடும்போதுதான் கொடுப்பார்கள். இதை ஒரு பக்கக் கையேடாக அச்சடிக்கிறேன். ஆடுகிற நிலைக்கும் (அதுதான் ஃபிப்ரிலேஷன்) நேர்கோட்டு நிலைக்கும் தனித்தனிச் சொல் வேண்டும், பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னால் பாட்டிக்கும் புரிய வேண்டும். அகராதியில் 'குறுநடுக்கம்' என்று பார்த்தேன். அதை வகுப்பில் சொன்னதும் ஒரு பெண், "அப்போ நெடுநடுக்கம்னு ஒண்ணு இருக்கா மிஸ்?" என்று கேட்டாள். என்ன பதில் சொல்வது?

ஆற்காடு புலவர் எழுதியது:

அம்மா, அந்தப் பெண் கேட்டது சரியான கேள்வி. அடைமொழி இருந்தால் அதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று இருக்க வேண்டும். குறில் என்றால் நெடில் உண்டு. இங்கே எதிர்ப்பக்கம் இல்லை, ஆகவே 'குறு' வெறும் ஒட்டு.

தேடி அலைய வேண்டியதே இல்லை. தொல்காப்பியர் உரியியலில் "அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கம் செய்யும்" என்று வைத்திருக்கிறார். அதிர்வை இயற்பியல்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். விதிர்ப்பு இன்னும் யாருக்கும் போகாமல் கிடக்கிறது. மாணிக்கவாசகர் "மெய்தான் அரும்பி விதிர்விதிர்த்து" என்கிறாரே, உடம்பு தன் வசம் இல்லாமல் நடுங்குவதற்கு இதைவிட என்ன சொல் வேண்டும்? இதய விதிர்ப்பு. ஷாக் கொடுக்கிற கருவிக்கு விதிர்ப்புநீக்கி.

இதயம் என்பதும் ஹ்ருதயத்தின் வழி வந்ததுதான், நெஞ்சாங்குலை என்று நமக்கே சொல் இருக்கிறது. "குலை நடுங்கிப் போச்சு" என்று இன்றைக்கும் சொல்கிறோம். வேண்டுமானால் குலைநடுக்கம் என்றே வைக்கலாம், பாட்டிக்கும் புரியும்.

வேலூர் டாக்டர் எழுதியது:

புலவர் ஐயா மன்னிக்கணும், குலைநடுக்கம் மட்டும் வேண்டாம். அது பயத்தைச் சொல்கிற சொல். "இதயக் கீழறையில் குலைநடுக்கம்" என்று எழுதினால் நோயாளி பயந்துவிட்டார் என்றுதான் படிப்பார்கள். அதோடு ஊரில் ஈரக்குலை என்றால் ஈரலையும் சேர்த்துத்தான் நினைப்பார்கள்.

அவசரப் பிரிவில் வேலை செய்கிறவன் என்பதால், சொல் எதைக் காட்ட வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். வலது மேலறையில் இருக்கும் எஸ்.ஏ. கணுவிலிருந்து நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை மின்தூண்டல் கிளம்புகிறது, அது வழியோடு இறங்கி வந்ததும் கீழறைத் தசை முழுவதும் ஒன்றாகச் சுருங்குகிறது, ரத்தம் வெளியே போகிறது. ஃபிப்ரிலேஷனில் தசை செத்துவிடவில்லை, ஓயவும் இல்லை. தசையின் ஒவ்வொரு பகுதியும் ஆளாளுக்குத் தனித்தனியாகச் சுருங்குகிறது. நெஞ்சைத் திறந்து பார்த்தால் மேற்பரப்பு முழுக்க நெளிந்துகொண்டே இருக்கும், ஒரு சொட்டு ரத்தம் போகாது. சில நொடிகளில் நினைவு தப்பிவிடும். ஷாக் இதயத்தை ஓட்டிவிடுவதில்லை, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அடக்குகிறது. அந்த இடைவெளியில் எஸ்.ஏ. கணு முந்திக்கொண்டால் பிழைத்தார். நேர்கோட்டில் அடக்குவதற்கு ஒன்றுமே இல்லை, அதனால்தான் ஷாக் இல்லை. நெஞ்சை அமுக்குவதும் அட்ரினலின் ஊசியும்தான்.

ஆகவே சொல்லில் 'நடுக்கம்' இருப்பதைவிட 'ஒத்துப்போகாமை' இருப்பது முக்கியம். என் கருத்தில் ஃபிப்ரிலேஷன் என்றே எழுதுங்கள். பிள்ளைகள் நாளைக்கு வார்டில் கேட்கப்போவது அந்தச் சொல்லைத்தான்.

குடியாத்தம் ஆசிரியை எழுதியது:

டாக்டர், நீங்கள் சொன்ன ஒத்துப்போகாமையைத்தான் நடிக்க வைக்கிறேன். எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்து, ஒரு பெண்ணை எஸ்.ஏ. கணு ஆக்கிவிடுவேன். அவள் தட்டினால் எல்லோரும் தட்ட வேண்டும், வகுப்பே ஒரே சத்தமாக அதிரும். அப்புறம் "உங்க இஷ்டத்துக்குத் தட்டுங்க" என்பேன். சலசலவென்று இரைச்சல்தான் வரும், தாளமே இருக்காது. விசில் அடிப்பேன், எல்லோரும் கையை இறக்கிவிட வேண்டும், பிறகு அந்த ஒரு பெண் மட்டும் தொடங்குவாள். விசில்தான் ஷாக். யாருமே தட்டாமல் நிற்கும்போது விசில் அடித்துக் காட்டுவேன், ஒன்றும் ஆகாது. அத்தோடு நேர்கோடு பாடம் முடிந்தது.

ஆனால் எழுதும்போது சொல் வேண்டுமே. ஃபிப்ரிலேஷன் என்பதை எழுத்துக்கூட்டி மனப்பாடம் செய்வார்கள், அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

ஆம்பூர் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

> சொல்லில் 'நடுக்கம்' இருப்பதைவிட 'ஒத்துப்போகாமை' இருப்பது முக்கியம்

டாக்டர் சொல்வது பொருளைப் பொறுத்தவரை சரி, ஆனால் மூலச் சொல்லிலேயே ஒத்துப்போகாமை இல்லையே. பிரெஞ்சு மருத்துவர் வுல்ப்பியன் 1874-ல் வைத்த பெயர் அது. ஃபைப்ரில்லா என்றால் மெல்லிய இழை, அவ்வளவுதான். தசையின் இழைகள் தனித்தனியாக அசைகின்றன என்று கண்ணால் பார்த்ததை எழுதியிருக்கிறார்கள். எங்கள் தாத்தா குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டியவர், இழை என்ற சொல் எங்கள் பக்கம் யாருக்கும் தெரியும். இழைத்துடிப்பு, இல்லையென்றால் இழையுதறல் என்று வைக்கலாம்.

இன்னொன்று. அந்தக் காலத்தில் இதயம் தாறுமாறாக அடிப்பதை லத்தீனில் 'டெலிரியம் கார்டிஸ்' என்றார்கள். டெலிரியம் என்றால் நம்மூரில் ஜன்னி. இதய ஜன்னி! எந்தப் பாட்டிக்கும் விளக்கவே வேண்டாம்.

ராணிப்பேட்டையில் இருக்கும் யாழ்ப்பாணத்து ஆசிரியர் எழுதியது:

தம்பி, இழையை மட்டும் தொட வேண்டாம். இலங்கைப் பாடநூல்களில் திசுவுக்கு இழையம் என்றுதான் பெயர். இழைத்துடிப்பு என்றால் எங்கள் பிள்ளைகள் திசு துடிக்கிறது என்று விளங்கிக்கொள்வார்கள். ஏற்கெனவே இரண்டு கரைக்கும் இடையில் போதிய குழப்பம் இருக்கிறது. நீங்கள் தமனி என்பதை நாங்கள் நாடி என்கிறோம், உங்களுக்கு நாடி என்றால் கையைப் பிடித்துப் பார்ப்பது. உங்கள் செல் எங்களுக்குக் கலம். உங்கள் தந்துகி எங்களுக்கு மயிர்த்துளைக்குழாய்.

சொல் இல்லை என்று கையை விரிக்கவும் வேண்டாம். 1847-ல் யாழ்ப்பாணத்துக்கு வந்த சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். உடற்கூற்றுக்கு அங்காதிபாதம், உடலியங்கியலுக்குச் சுகரணம் என்று சொல் வைத்தார். அந்தத் தமிழில் படித்தவர்கள் வைத்தியர்களாகி ஊரூராகப் போனார்கள்.

ஆற்காடு புலவர் எழுதியது:

கிறீன் செய்த பணிக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அங்காதிபாதத்தில் தமிழ் எங்கே இருக்கிறது? அங்கம், ஆதி, பாதம் மூன்றுமே வடசொல். ஜன்னியும் அப்படித்தான், சந்நிபாதத்தைச் சுருக்கிச் சன்னி என்று ஆக்கினோம். ஒரு கடன் சொல்லை விலக்கிவிட்டு இன்னொரு கடன் சொல்லைக் கொண்டுவருவதற்கு இத்தனை மடல் வேண்டியதில்லை.

படபடப்பு, வெலவெலப்பு என்று தனிமடலில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அவை இரட்டைக்கிளவி, "இரட்டைக் கிளவி இரட்டின் பிரிந்து இசையா". பிரித்து முன்னும் பின்னும் ஒட்டுப் போட்டுக் கலைச்சொல் வளர்க்க முடியாது. மேலும் படபடப்பு என்பது நோயாளி தானே உணர்ந்து சொல்வது. விதிர்ப்பு தனித்து நிற்கும், விதிர்விதிர்ப்பு அதன் அடுக்கு. வளர்கிற சொல் அதுதான்.

வேலூர் டாக்டர் எழுதியது:

ஜன்னி கூடவே கூடாது. காய்ச்சல் முற்றி ஜன்னி கண்டவரை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இது வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயமா? ஷாக் கொடுப்பது ஒவ்வொரு நிமிடம் தள்ளிப்போகும்போதும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது.

இதைவிட எனக்குப் பெரிய கவலை 'மாரடைப்பு'. தொடர்களிலும் செய்தியிலும் எல்லாவற்றுக்கும் மாரடைப்பு. அடைப்பு என்பது இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகிற குழாயில். அவர் நடந்து வருவார், பேசுவார், வியர்த்துக் கொட்டும். இதயம் நின்றுபோவது வேறு. அவர் விழுந்துவிடுவார், மூச்சு இருக்காது, கூப்பிட்டால் பதில் வராது. முன்னவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், பின்னவரை விழுந்த இடத்திலேயே போட்டு நெஞ்சை அமுக்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டராவது உள்ளே போகிற மாதிரி. இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால், அமுக்க வேண்டியவரை ஆட்டோவில் உட்கார வைத்துக் கொண்டுவருகிறார்கள். டீச்சர், கையேட்டில் இதற்கு முதல் இடம் கொடுங்கள்.

தொடர்களைப் பற்றி இன்னொன்றும் சொல்லுங்கள். 1996-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு ஆய்வு வந்தது. அமெரிக்கத் தொடர்களில் சிபிஆர் (நெஞ்சை அமுக்கிச் செய்கிற உயிர்காப்பு முதலுதவி) செய்யும் காட்சிகளை எண்ணிப் பார்த்தார்கள், அதில் முக்கால்வாசிப் பேர் உடனே பிழைத்துக்கொள்கிறார்கள். நிஜத்தில் அதன் பக்கத்தில்கூட வராது. சிபிஆர் செய்தும் போய்விட்டாரே என்று பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிற மகன்களையும் மகள்களையும் நான் பார்க்கிறேன். பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஆம்பூர் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

சரி, இழையை விட்டுவிடுகிறேன், ஜன்னியையும். 'உதறல்' மட்டும் நிற்கட்டுமே? "கை காலெல்லாம் உதறுது" என்று வடாற்காட்டில் சொல்லாத வீடு கிடையாது. தன் வசம் இல்லாத நடுக்கம் என்ற பொருள் அதிலேயே இருக்கிறது. கீழறை உதறல், மேலறை உதறல், உதறல்நீக்கி. பொது இடத்தில் ஷாக் கருவி வைக்கிற பெட்டியின் மேல் எழுதினாலும் இடம் போதும்.

யாழ்ப்பாணத்து ஆசிரியர் எழுதியது:

உதறல் எங்களுக்கும் விளங்கும். மேலறை, கீழறை என்பதும் நல்லது. அவற்றுக்கு எங்கள் பாடநூல் சொற்களான சோணையறை, இதயவறைதான் வேண்டும் என்று நான் அடம்பிடிக்கவில்லை, நீங்களும் ஆரிக்கிள், வென்ட்ரிக்கிளை விட்டுவிட்டால் போதும்.

வேலூர் டாக்டர் எழுதியது:

மேலறை உதறலோடு பல வருடம் வாழ்கிறவர்கள் நிறைய. அங்கே ஆபத்து, ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வருவது. கீழறை உதறல் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இரண்டையும் தாங்குகிற அளவுக்கு மிதமான சொல் உதறல், பயமுறுத்தவில்லை. ஃபிப்ரிலேஷனையும் பக்கத்தில் ஒரு தடவை எழுதிவிடுங்கள், அது போதும் எனக்கு.

குடியாத்தம் ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அச்சகத்தில் இன்று மாலைக்குள் கேட்கிறார்கள். மாரடைப்பு, இதயம் நிற்பது இரண்டையும் முதலில் பிரித்துக் காட்டிவிட்டேன். அதன் கீழே இப்படிப் போகிறது:

"கீழறை உதறல் என்றால் ஃபிப்ரிலேஷன். கோடு தாறுமாறாக ஆடும், ரத்தம் ஓடாது. ஷாக் உண்டு. துடிப்பு ஓய்வு என்றால் கோடு கிட்டத்தட்ட நேராக இருக்கும். ஷாக் இல்லை. இரண்டிலும் நெஞ்சை அமுக்குவதை விடாதே."

ஆற்காடு புலவர் எழுதியது:

அச்சுக்குப் போகட்டும் அம்மா, பிள்ளைகளின் பாடம் நமக்காகக் காத்திருக்கக் கூடாது. என் மறுப்பு மட்டும் பதிவில் இருக்கட்டும்.

உதறு என்பது செயப்படுபொருளோடும் வரும். துணியை உதறினான், வேலையை உதறினான். அங்கே செய்கிறவன் வேண்டுமென்றே செய்கிறான். கீழறை உதறல் என்றால் கீழறை எதையோ உதறித் தள்ளியது என்றும் பிரிக்க இடம் இருக்கிறது. விதிர்த்தலும் வாளை விதிர்த்தான் என்று அப்படி வரும் என்பீர்கள், உண்மைதான், ஆனால் இன்றைய வழக்கில் அந்தப் பொருள் இல்லை, குழப்பமும் இல்லை. 'துடிப்பு ஓய்வு' அதைவிடச் சிக்கல். ஓய்வு என்றால் இளைப்பாறுதல், மறுபடி எழுந்து வருவது. துடிப்பறவு என்று வையுங்கள். ஒரே எழுத்துக்கூட்டல், ஒரே பொருள்.

ஆம்பூர் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

துடிப்பறவில் ஐயாவோடு நிற்கிறேன். உதறலில் இல்லை.

குடியாத்தம் ஆசிரியை எழுதியது:

ஐயா, உங்கள் மடல் வருவதற்குள் முதல் கட்டு அச்சாகிவிட்டது. மீதிக் கட்டில் 'துடிப்பறவு' என்று மாற்றச் சொல்லியிருக்கிறேன். இரண்டு வகுப்புக்கும் இரண்டு சொல் போகிறது. எது பிள்ளைகள் வாயில் நிற்கிறது என்று மாதத் தேர்வு முடிந்ததும் எழுதுகிறேன்.