பெயரை மிதிக்கலாமா? ஜெர்மனியின் நினைவுக் கற்கள்

கொலோன்காரி: "நாஜிகளால் கொலையானவர்களின் பெயரைத் தரையில் பதித்து ஊரே மிதிக்கிறது, இது அவமானச் சின்னம்" என்று ஒருவர் வேறு இழையில் எழுதியிருந்தார். எரிச்சல் அடங்கவில்லை. கலைஞர் குன்டர் டெம்னிக் முதல் கல்லைக் கொலோன் நகரமன்ற வாசலில் பதித்தது 1992 டிசம்பரில். ஐரோப்பாவின் சிறுபான்மை இனங்களான ரோமா, சின்டி மக்களை நாடுகடத்த நாஜித் தலைவர் ஹிம்லர் ஆணையிட்டு அன்றோடு 50 ஆண்டு. யாரும் நினைத்துப் பார்க்காத ஜனங்கள் அவர்கள். 10 செ.மீ. சதுரப் பித்தளைத் தகடு, அதில் பெயர், பிறந்த ஆண்டு, கதி. அவர்கள் வாழ்ந்த வீட்டு வாசலிலேயே. இதில் என்ன அவமானம்?

கல்தச்சன்: அந்த ஒருவர் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். செத்தவர் பெயர்மேல் செருப்பா? மியூனிக் நகரமன்றம் 2004-இல் பொது இடத்தில் கூடாது என்றது, 2015-இல் மறுபடியும் சொன்னது. எதிர்ப்பில் முன்னால் நின்றவர் சார்லட் நோப்லோக். அங்குள்ள யூத சமூகத்தின் தலைவர், சிறுமியாக ஒளிந்து உயிர் பிழைத்தவர். அவரைவிட உங்களுக்குத் தெரியுமா, அம்மணி?

கொலோன்காரி: அம்மணி எல்லாம் வேண்டாம். கல் வேண்டும் என்று அதே மியூனிக்கில் கொல்லப்பட்டவர்களின் உறவினர்களும் வழக்குப் போட்டார்கள். அவர்கள் யார்? எழுத்தைப் படிக்க ஒருவர் குனிய வேண்டும். அது வணக்கம்.

கல்தச்சன்: குனியாதவர்கள்? மிதிக்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லுங்கள்.

பழையசோறு: 1938-இல் யூதர்கள்மீது நாஜிகள் வெறியாட்டம் ஆடிய நாளான நவம்பர் 9-இல் அக்கம்பக்கத்தார் உட்கார்ந்து தேய்த்துத் துடைக்கிறார்களே, அதுவும் அவமானமா?

கல்தச்சன்: செருப்பு அழுக்கு படுவதால்தானே துடைக்க வேண்டியிருக்கிறது!

கொலோன்காரி: பித்தளை காற்று பட்டாலே கறுக்கும். உங்கள் வீட்டுக் குத்துவிளக்கை யார் மிதித்தார்கள்?

கல்தச்சன்: குத்துவிளக்கை யாரும் நடைபாதையில் வைப்பதில்லை. மியூனிக் 2018 முதல் கண் மட்டத்தில் தகடும் கம்பமும் வைக்கிறது. மரியாதை அது.

கொலோன்காரி: சுவரில் தகடு வைக்க வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். துரத்தப்பட்டவர் பெயரை அதே வாசலில் வைக்க இன்னொருவரிடம் அனுமதி! நடைபாதை எல்லோருக்கும் சொந்தம். மியூனிக் இருக்கும் அதே பவேரியா மாநிலத்தில் நூரம்பர்க்கில்தான் 2023-இல் 1,00,000-ஆவது கல் பதித்தார்கள், தெரியுமா?

தெற்குச்சீமை: எல்லோரும் யூதர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். ஊனமுற்றவர்கள், மனநோயாளிகள் என்று கொல்லப்பட்டவர்களுக்கும், தன்பாலீர்ப்பாளர்களுக்கும், யெகோவா சாட்சிகளுக்கும் இதே கல்தான். அவர்களில் பலருக்கு வேறு எந்த இடத்திலும் பெயர் இல்லை.

கொலோன்காரி: நான் முதல் பதிவிலேயே ரோமா, சின்டி என்று எழுதினேன். படிக்காமல் வந்து பாடம் எடுக்காதீர்கள்.

தெற்குச்சீமை: ரோமா, சின்டியோடு நிறுத்திவிட்டீர்கள் என்றுதான் சொன்னேன். உங்கள் பக்கம் பேச வந்தவர்மேலும் பாய்கிறீர்கள். பெர்லின் நினைவகம் பற்றிய இழையிலும் இதே கதைதான்.

கொலோன்காரி: பெர்லின் இழையில் எல்லோரும் சேர்ந்து என்னை "அங்கே குடியேறிய திமிர்" என்றீர்கள். மறக்கவில்லை. தினமும் இந்தக் கற்களைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். ஒவ்வொரு பெயரும் எனக்குத் தெரியும். உயரத்தில் வைத்த எத்தனை சிலைகளின் பெயர் உங்களுக்குத் தெரியும்?

கல்தச்சன்: தாண்டிப் போகிறீர்கள், மிதிக்கவில்லை. ஏன் தாண்டுகிறீர்கள்?

கொலோன்காரி: மரியாதைக்காக. கல் தரையில் இருப்பதால்தான் அந்த மரியாதை என் காலுக்கே வந்திருக்கிறது.

கல்தச்சன்: அப்படியானால் மிதிப்பது மரியாதை இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

கொலோன்காரி: நான் அப்படிச் சொல்லவே இல்லை. மேலே போய்ப் படியுங்கள்.