ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தும் பழுதான காரை ஏற்றிவந்த கெரியர் லொறிக் காசை நான்தான் கட்ட வேண்டுமா?

உவர்மலைக்காரன்:
போன சனிக்கிழமை கொழும்பில் இருந்து திருகோணமலைக்குத் திரும்பும்போது ஹபரணை தாண்டிக் காட்டுக்குள் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துவிட்டது, இரவு பத்து மணி இருக்கும். ரோட்டில் யானை லத்தி ஈரமாகவே கிடக்கிறது, பின் சீட்டில் பிள்ளை நித்திரை, இறங்கி பொனட்டைத் திறக்கவே பயம். கந்தளாயில் இருந்து கெரியர் பிடித்து வீடு வந்து சேர 28,000 ரூபாய். இன்சூரன்ஸ்காரர்களிடம் பில்லைக் கொடுத்தால் "விபத்து இல்லையே, தர முடியாது" என்கிறார்கள். ஃபுல் என்றால் எல்லாம் அடங்கும் என்றுதானே ஏஜென்ட் சொன்னார்?

கிண்ணியா அண்ணன்:
தம்பி, ஏஜென்ட் சொன்னதை விடுங்கள், பொலிசியில் என்ன எழுதியிருக்கிறது? ஃபுல் இன்சூரன்சில் கெரியர் செலவு பெரும்பாலும் விபத்தோடு சேர்ந்துதான் வரும், அதற்கும் ஒரு உச்சத் தொகை இருக்கும். ஹோஸ் வெடிப்பது, பற்றரி இறங்குவது எல்லாம் தேய்மானம், பழுது என்ற கணக்கு. அதற்கு வீதியோர உதவி என்று தனியாக எடுத்திருக்க வேண்டும். அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருப்பவருக்கு விபத்தென்றாலும் தன் காரை இழுக்கக் காசு கிடைக்காது. இன்னொன்று, கெரியரைக் கூப்பிட முன்னர் இன்சூரன்ஸ்காரர்களுடைய ஹொட்லைனுக்கு அடித்தீர்களா? நாமாகப் பிடித்த கெரியர் என்றால் அந்த உதவி இருந்தாலும் இழுத்தடிப்பார்கள்.

நிலாவெளி ரோட்:
காசு போனாலும் கெரியரில் ஏற்றியது நல்லது. என்னுடையது பெற்றோலோடு மின் மோட்டரிலும் ஓடும் ஹைபிரிட், போன வருடம் நாலு சில்லும் ரோட்டில் உருள கயிறு கட்டி இழுக்க வந்தார்கள், நான் விடவில்லை. முன் சில்லு சுழன்றால் உள்ளே மோட்டரும் சுழலும், பிறகு கராஜ்காரன் சொல்லும் கணக்கைக் கேட்டால் 28,000 சில்லறைக் காசு. ஓட்டோ கியர் வைத்திருப்பவர்களும் கயிறு என்றால் யோசியுங்கள்.

கிண்ணியா அண்ணன்:
அதோடு எத்தனை கிலோமீற்றருக்கு இலவசம் என்றும் கேளுங்கள். கந்தளாயில் இருந்து நம்ம ஊருக்கே 40 அளவில் வரும், நீங்கள் நின்றது அதற்கும் அப்பால். பக்கத்து கராஜ் வரைக்கும்தான் என்று எழுதியிருந்தால் வீடு வரைக்கும் வராது.

உவர்மலைக்காரன்:
ஹொட்லைன் ஞாபகமே வரவில்லை அண்ணா. இப்போதுதான் டாஷ்போர்டுக்குள் இருந்து பொலிசியை எடுத்துப் பார்த்தேன். வீதியோர உதவி என்று ஒரு வரி இருக்கிறது, எதிரே தொகை போடும் இடத்தில் வெறும் கோடு.