ஆஸ்பத்திரியில குழந்தைங்களுக்கு மேஜிக் பண்ண ஆசை, எங்க ஆரம்பிக்கிறது?

பீச்ஸ்டேஷன்:
வணக்கம் மக்களே. வீடு தண்டையார்பேட்டை, வேலை பாரிமுனையில ஒரு கிளியரிங் ஆபீஸ்ல. ஸ்கூல் படிக்கிறப்போல இருந்தே மேஜிக் பைத்தியம், சீட்டு காசு கயிறு கர்ச்சீப் எல்லாம் ஓரளவு கை வந்துருக்கு, தெரிஞ்சவங்க வீட்டு பர்த்டேல நாலஞ்சு தடவ பண்ணியிருக்கேன். போன மழைக்கு அக்கா பையனுக்கு டெங்கு, ஆறு நாள் வார்டுல. ராத்திரி தூங்காம அழுதுட்டே இருந்தான், சும்மா இருக்கட்டும்னு காதுல இருந்து ரெண்டு ரூபா காசு எடுத்து காட்டினேன், உடனே பக்கத்து பெட்டுல கொசுவலைக்குள்ள இருந்து ஒரு பாப்பா "எனக்கும் காதுல பாரு மாமா"ன்னுச்சு, அப்புறம் அதுக்கு அடுத்த பெட்டு, அரை மணி நேரத்துல மொத்த வார்டும் காத காட்டிட்டு உக்காந்துருக்கு. அதுல இருந்து மனசுல ஒரே குடைச்சல். ஞாயித்துக்கிழமைல போய் பண்ணணும், காசெல்லாம் வேணாம். ஸ்டான்லி, எழும்பூர் குழந்தைங்க ஆஸ்பத்திரி மாதிரி இடத்துல நேரா போய் நின்னா உள்ள விடுவாங்களா? யார பாக்கணும்? ஸ்பாஞ்ச் பந்தும் பலூனும் என்கிட்ட மூட்டையா இருக்கு, அது போதுமா?

கயிறுவித்தை_பெரம்பூர்:
தம்பி, நேரா போய் நின்னா வாட்ச்மேனுக்குதான் மேஜிக் காட்டிட்டு வரணும். கவர்மென்ட் ஆஸ்பத்திரின்னா டீன், இல்லன்னா ஆர்.எம்.ஓ. (ஆஸ்பத்திரி நிர்வாகத்த பாத்துக்கிற டாக்டர்) பேருக்கு ஒரு லெட்டர், ஆதார் ஜெராக்ஸ், என்ன பண்ண போற எவ்ளோ நேரம்னு நாலு வரி. பர்மிஷன் கிடைச்சாலும் வார்டுல அன்னிக்கு டூட்டில இருக்கிற சிஸ்டர் சரின்னாதான் சரி. காலைல ரவுண்ட்ஸ் டைம்ல போகாத.

நான் மொதல்ல பண்ண கூத்த சொல்றேன். நியூயார்க்ல 1986ல பிக் ஆப்பிள் சர்க்கஸ் ஜோக்கர் மைக்கேல் கிறிஸ்டென்சன் ஆஸ்பத்திரிக்குள்ள ஜோக்கர் டாக்டருங்கள கொண்டு வந்தாரு, டாக்டர் கோட்ட மாட்டிக்கிட்டே டாக்டர கிண்டல் பண்ணுவாங்க. அத பாத்துட்டு நானும் ஒரு வெள்ள கோட்டு தெச்சு மாட்டிட்டு, கைல ஒரு ஸ்டீல் டப்பா வேற, அதுக்குள்ளதான் ஐட்டம் எல்லாம். வாசல்ல கால வெச்சேன், மூணு குழந்தை ஒரே நேரத்துல கத்துச்சு பாரு. நான் அவசரமா "பயப்படாத கண்ணா, ஒண்ணும் பண்ண மாட்டேன்"ங்கிறேன், இன்னும் ஜாஸ்தியா கத்துது. அப்புறம் ஒரு பாட்டி சொன்னாங்க, "ஊசி போட வர்றவங்களும் இதேதாம்பா சொல்றாங்க"ன்னு. அன்னிக்கே அந்த கோட்ட கழட்டி பழைய துணியில போட்டாச்சு. இப்ப மஞ்ச சட்டை, துணிப்பை, அவ்ளோதான்.

இன்னொண்ணு, பர்த்டே ஐட்டம் அப்படியே இங்க செட் ஆகாது. அங்க நீ ஹீரோ. இங்க குழந்தை கைல டிரிப்ஸ் ஊசி, எந்திரிக்க முடியாது, யார் வேணா வந்து சட்டைய தூக்கி பாப்பாங்க, அது கைல எதுவுமே இல்ல. அதனால வித்தைய அது பண்ற மாதிரி வெச்சுக்கோ. நீ வெறும் அசிஸ்டென்ட், உனக்கு தப்பு தப்பா வரணும், அது ஊதினா மட்டும்தான் கர்ச்சீப் கலர் மாறணும். மந்திரமும் அதுவே சொல்லட்டும். காசிமேட்டு பாப்பா ஒண்ணு "வஞ்சிரம், வவ்வா, சங்கரா, ஃபூ"ன்னு சொல்லிச்சு, நாலு வருஷமா நான் அதையேதான் ஓட்டிட்டு இருக்கேன்.

ரெண்டு மூணு வயசுக்கு கீழ உள்ளதுங்ககிட்ட ரொம்ப மெனக்கெடாத, அதுக்கு ஃபேன் சுத்துறதே மேஜிக்தான். பன்னெண்டு பதிமூணு வயசு பசங்ககிட்ட முயல் குருவின்னு போனா மூஞ்ச திருப்பிப்பாங்க, அவங்களுக்கு ரப்பர் பேண்டு ரெண்டு விரல்ல இருந்து அடுத்த ரெண்டு விரலுக்கு தாவுற வித்தைய கத்து குடுத்துட்டு வா. அமெரிக்க மேஜிக்காரர் டேவிட் காப்பர்ஃபீல்டு 1982ல ஆரம்பிச்ச புராஜெக்ட் மேஜிக் இந்த ரூட்டுதான், கை சரியா வராத பேஷண்ட்டுக்கு வித்தைய கத்து குடுத்தா அதுவே விரலுக்கு எக்சர்சைஸ். (இங்க மட்டும் ரகசியத்த சொல்லலாம், சங்கத்துல யாரும் கேஸ் போட மாட்டாங்க.)

நைட்டூட்டி_சிஸ்டர்:
நான் குழந்தைங்க வார்டு ஸ்டாஃப் நர்ஸ். அண்ணா சொன்னது எல்லாம் சரி, ஆனா அந்த மூட்டைய தயவு செஞ்சு வீட்லயே வெச்சிடுங்க தம்பி. ஸ்பாஞ்ச் துடைச்சா சுத்தம் ஆகாது, ஒரு குழந்தை எச்சில் பட்ட பந்து அடுத்த பெட்டுக்கு போச்சுன்னா சளி பேதி எல்லாம் கூடவே போகும், சின்னதுங்க வாயில போட்டா தொண்டையில அடைச்சுக்கும். பலூனும் வேணாம், நிறைய ஆபரேஷன் ஆன குழந்தைங்க சிலதுக்கு அந்த ரப்பரே அலர்ஜி, வெடிச்சா வேற தூக்கி வாரி போடும், வெடிச்ச துண்ட முழுங்கினா அது இன்னும் மோசம். காசு, குட்டி காந்தம் ரெண்டும் கூடாது, ரெண்டு காந்தம் வயித்துக்குள்ள போச்சுன்னா குடல நடுவுல வெச்சு இறுக்கி ஓட்டை போட்டுடும். நெருப்பு ஐட்டம் பக்கத்துலயே வராதீங்க, ஆக்சிஜன் ஓடிட்டு இருக்கும். துடைக்கிற மாதிரி பிளாஸ்டிக், லேமினேட் பண்ண சீட்டு இது போதும். ஒவ்வொரு பெட்டுக்கும் நடுவுல கை கழுவணும், உங்களுக்கு லேசா மூக்கு ஒழுகினாலும் அன்னிக்கு லீவு. கேன்சர் குழந்தைங்க ரூமுக்கு டாக்டர் சொல்லாம போகவே கூடாது.

சாக்லேட் குடுக்காதீங்க. ஆபரேஷனுக்கு வெறும் வயித்துல வெச்சிருப்போம், ஒருத்தர் பாசமா ஒண்ணு குடுத்து அன்னிக்கு கேஸே தள்ளி போச்சு. போட்டோ, ரீல்ஸ் கண்டிப்பா நோ.

வியாசர்பாடி_அம்மா:
என் பொண்ணு பதினேழு நாள் இருந்தா. ஒருத்தர் வந்து வித்தை காட்டினாரு, அவ சிரிக்கவே இல்ல, செவுத்து பக்கம் திரும்பி படுத்துட்டா. அவரும் கட்டாயப்படுத்தல, சரிம்மா அப்புறம் பாக்கலாம்னு போயிட்டாரு. சாயங்காலம் என்கிட்ட கேக்குறா, "அந்த அங்கிள் நாளைக்கு வருவாரா?" அதனால வேணாம்னு சொன்னா விட்டுடுங்க தம்பி, வேணாம்னு சொல்றதுக்கு அவங்களுக்கு அங்க வேற ஆளே கிடையாது.

காசிமேட்டுக்காரன்:
இன்னா தல, எங்க ஏரியா மந்திரத்த ராயல்டி குடுக்காம நாலு வருஷமா ஓட்டினுகிறீங்களா. எறாவ வேற உட்டுட்டீங்க 😄 தம்பி, தொணைக்கு ஆள் வோணும்னா சொல்லு, வித்தை தெரியாது, பையி தூக்கினு வரேன்.

பீச்ஸ்டேஷன்:
எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். ஸ்பாஞ்ச் மூட்டைய இப்பதான் பரண்ல போட்டேன், சிஸ்டர் சொல்லலன்னா அதோடதான் போயிருப்பேன். ரப்பர் பேண்டு வித்தைய அக்கா பையனுக்கு சொல்லி குடுத்தேன், பத்து நிமிஷத்துல என்னைய விட நல்லா பண்றான். ஒரே ஒரு டவுட், லெட்டர் இங்கிலீஷ்ல இருக்கணுமா? எனக்கு ஷிப்பிங் பில் இங்கிலீஷ்தான் வரும்.

கயிறுவித்தை_பெரம்பூர்:
தமிழ்லயே எழுது, தாராளமா வாங்கிப்பாங்க. ரெண்டு காப்பி எடுத்து ஒண்ணுல சீல் வாங்கி வெச்சுக்கோ. மொத தடவை நானும் கூட வரேன், பை தூக்க காசிமேட்டு தம்பியும் வரட்டும். வெள்ள சட்டை மட்டும் போட்டுட்டு வந்துடாதீங்கப்பா.