மறு: மல்டிபிளெக்ஸிங் – நாளை வகுப்புக்குள் ஒரு சொல் வேண்டும்

கலைச்சொல் குழு அன்பர்களுக்கு வணக்கம்.
பழைய கால்குலேட்டரில் இருந்து கழற்றிய எல்இடி எண்காட்டியை நாளை மாணவர்களுக்குக் காட்டப்போகிறேன். 8 இலக்கம்; ஒவ்வொன்றின் மேலும் நீர்க்குமிழி போல ஒரு வில்லை. இலக்கத்துக்கு ஏழு கோடு, ஒரு புள்ளி. ஆக 64 விளக்கு. கால்களோ 16தான்! மீட்டரை டயோடு நிலையில் (சிறு மின்னோட்டம் செலுத்திப் பார்க்கும் நிலை) வைத்து, கறுப்பு முனையை ஒரு காலில் அழுத்திக்கொண்டு சிவப்பு முனையால் மற்ற கால்களைத் தொட்டுக்கொண்டே போனேன். சில கால்களில் ஒன்றும் நடக்கவில்லை. கறுப்பு முனை ஒரு காலுக்கு வந்ததும் ஒரே இலக்கத்தின் கோடுகள் ஒவ்வொன்றாக மினுக்கின. அதுதான் அந்த இலக்கத்தின் பொது எதிர்மின்வாய், அதாவது அதன் எல்லாக் கோடுகளிலிருந்தும் மின்னோட்டம் வெளியேறும் கால். கோடுகளுக்கான 8 கால்கள் எல்லா இலக்கத்துக்கும் பொது. ஒரு நேரத்தில் ஓர் இலக்கம்தான் எரிகிறது. மாறும் வேகத்தில் கண் ஏமாறுகிறது.

மல்டிபிளெக்ஸிங் எனப்படும் இதற்குக் கையேட்டில் தமிழில் என்ன எழுத? 'பன்மையாக்கம்' என்றால் இலக்கண வகுப்பு என்று நினைப்பார்கள்.

---

பன்மை எங்கே இருக்கிறது? எந்தக் கணத்தில் பார்த்தாலும் ஒருமைதான். 'முறையொளிர்வு' எனலாம். முறைப்பாசனம் போல: வாய்க்கால் ஒன்று, மடை மட்டும் மாறும்.

---

ஐயா, 'சுழலொளி' இன்னும் அழகு. வினைத்தொகை. நன்னூலார் 'காலம் கரந்த பெயரெச்சம்' என்கிறார்; காலத்தைக் கரப்பதுதானே இந்தக் கருவியின் வேலையே! அப்புறம், 'கோடு' வேண்டாம், 'கூறு' என்போம். 'எழுகூற்றெண்' கிடைக்கும். எழுகூற்றிருக்கையும் எண்களை அடுக்கி ஏழு வரை ஏறி இறங்கும் செய்யுள்தானே.

---

சுழலொளி என்றால் கலங்கரை விளக்கம். இங்கே எதுவும் சுழலவில்லை. 'எழுகூறு' என்றால் பையன் எழுந்து நின்று கூறுவான். பேசாமல் மல்டிபிளெக்ஸிங் என்றே எழுதுங்கள்.

---

பேசாமல் இருக்கவா இந்தக் குழு? ஆனால் ஒரே கம்பியில் பல உரையாடல்களை அனுப்புவதற்கும் இதே பெயர்தான். அங்கே ஒளிர்வு ஏது? 'முறைப்பகிர்வு' என்றால் இரண்டுக்கும் பொருந்தும்.

---

உரையாடலுக்கு ஓர் அலைவெண் என்று பிரித்து அனுப்பும்போது எல்லாம் ஒரே நேரத்தில் போகிறதே, அங்கே முறை ஏது?

---

வணக்கம். மணி பதினொன்றரை. 'முறையொளிர்வு' என்று எழுதி, அடைப்புக்குள் மல்டிபிளெக்ஸிங் போட்டுவிட்டேன். தொலைபேசிக்காரர்கள் மன்னிக்கவும்.

இடையில் ஒரு சங்கடம். சோதிக்கும்போது முறை மாற்றும் சுற்று நின்றுபோய், முதல் இலக்கம் மட்டும் பளீரென்று எரிந்தது. எட்டில் ஒரு பங்கு நேரத்துக்கென்று கொடுத்த மின்னோட்டம் முழுநேரமும் பாய்ந்தால் தாங்குமா? நான் பிடுங்குவதற்குள் நடுக்கோடு போய்விட்டது. இனி அந்த இடத்தில் எட்டு வராது, பூச்சியம்தான்.

---

வருந்துகிறேன். சுழன்றிருந்தால் பிழைத்திருக்கும். 'சுழலொளி' என் கட்சியாகவே இருக்கட்டும்.